ஒற்று

பஸ் தரிப்பிடத்தில் ஒரே ஊருக்கு இரண்டு பெயர்.
மேலே எனக்கு வாசிக்கத் தெரியாத வட்டங்கள்,
கீழே முகத்துவாரம்.
மேலே இருப்பது மோதர, இரண்டும் ஒன்றுதான்
என்றார் என்னைக் கூட்டிவந்தவர்.
கொழும்புக்கு வந்த முதல் நாள்
தேற்றியது அது ஒன்றுதான்.

என் பெயரும் அப்படி.
பெற்றவள் வைத்தது விபுல.
எல்லைக் குடியேற்றத்தில், யாய எட்டில்,
வாய்க்காலில் முதல் தண்ணீர் வந்த ஆண்டு.
மரியபுஷ்பம் அதில் ஒரு ன் சேர்த்தாள்.
"பெயர் மொட்டையாய் நிக்குது" என்றாள், அவ்வளவுதான்.
ஒன்பது வருடம்
அந்தப் புள்ளியின் கீழே படுத்துறங்கினேன்.

அந்த இரவைப் பற்றி அதிகாரிகள் கேட்டார்கள்.
ஐந்து வயது எனக்கு.
வெடி கேட்டதும் எல்லோரும் குளப்பக்கம் ஓட
நான் காட்டுப்பக்கம் ஓடினேன்.
என் நாய் அந்தப்பக்கம் ஓடியது.
அப்பா வரம்பில் கிடந்ததைப் பிறகு, கொழும்பில்,
ஒருவர் மொழிபெயர்த்துச் சொன்னார்.

அவரைக் கொன்றவர்கள் பேசிய மொழியில்தான்
இதை எழுதுகிறேன்.
வேறு மொழியில் எனக்கு எழுத வராது.

கடலோரத்தில் ஜெறோமுக்கும் எனக்கும் ஒரே பாய்.
சிலுவை போடப் பழகினேன்.
கரைவலையில் கடைசிக் கயிறு பிடித்தேன்.
பகிடிக்குச் "சிங்களவா" என்றவனின்
பல்லை உடைத்தேன், தமிழில் ஏசிக்கொண்டு.
ஒருநாள் சூடைமீன் கழுவியபடி மரியபுஷ்பம் சொன்னாள்:
"உன்ர கொப்பர் விதைச்ச வயல்
என்ர அம்மாவின்ர சீதனக் காணி."
குரலில் கோபமில்லை.
ஒரு செதில் பறந்து என் கன்னத்தில் ஒட்டியது.
தட்டிவிட்டாள்.

பாதை திறந்த வருடம் வெள்ளை ஜீப் வந்தது.
இரண்டுமுறை ஓடி ஒளித்தேன்.
மூன்றாம்முறை அவளே பிடித்துக் கொடுத்தாள்.
"பெத்தவள் உயிரோட இருக்கிறாளடா" என்றாள்,
அது தன் குற்றம் போல.

முகத்துவாரத்தில் ஓர் அறை.
தையல் மெஷின், குழல்விளக்கு,
என்னைத் தொடப் பயந்த ஒரு பெண்.
சோற்றுக் கோப்பையை நகர்த்திக் "கன்ன" என்றாள்.
எனக்குக் கண்ணா என்று கேட்டது.
அழுதுகொண்டே தின்றேன்.
சாப்பிடு என்றுதான் சொன்னாள் என்பது தெரிய
இரண்டு கிழமை எடுத்தது.

பள்ளிக்கூடத்தில் ன்னை வெட்டிவிட்டார்கள்.
அதைக் கடித உறையின் பின்பக்கத்தில் வைத்துக் காப்பாற்றினேன்:
அனுப்புநர், விபுலன்.
2009க்குப் பிறகு அந்தக் கடிதங்கள்
போய்ச் சேர்வதுமில்லை, திரும்பி வருவதுமில்லை.

காவலரணடியில் ஒருநாள்
சில்லறையைத் தமிழில் எண்ணிவிட்டேன்.
என் அடையாள அட்டையை வெளிச்சத்தில் பிடித்துப்
பிடித்துப் பார்த்தான் சிப்பாய்.
ஒற்று என்றால் புள்ளி வைத்த எழுத்தென்று
ஜெறோமோடு படித்திருந்தேன்.
மற்ற அர்த்தத்தை அன்று படித்தேன்.

இங்கே கடல் பிழையான பக்கம் இருக்கிறது.
சூரியனை விழுங்குகிறது.
எங்கள் கடல் அதை ஈரத்தோடு தூக்கித் தரும்.
வைகாசியில் சோளகம் வர அங்கே தோணி இறக்குவோம்.
அதே காற்றுக்கு இங்கே
அலை கல்லணை ஏறி அடிக்கிறது,
வள்ளங்களை மேலே இழுத்துக் கட்டுகிறார்கள்.

தூக்கத்தில் நான் பேசுவேனாம்.
அம்மா விழித்திருந்து அந்தச் சத்தங்களை மனப்பாடம் செய்து,
உள்ளங்கையில் தண்ணீர் கொண்டுபோவதுபோல்,
சந்திக் கடைக் கதிரமலையிடம் போய்ச்
சிந்தாமல் சொல்லிக் கேட்டிருக்கிறாள்.
"சோளகம் எழும்பீட்டுது, தோணியைத் தள்ளுங்கோ."
அவர் சிரித்துவிட்டுச் சிங்களத்தில் சொன்னாராம்.
இதெல்லாம் பிறகு கதிரமலை சொல்லித்தான் தெரியும்.

அன்றிரவு ஏதோ அசைய விழித்தேன்.
ஜன்னல் திறந்துகிடந்தது.
தையல் மெஷின்மேல் தூவானம்.
அம்மா கால்மாட்டில் குனிந்து
கட்டிலை இரண்டு கையாலும் பிடித்துத்
தள்ளிக்கொண்டிருந்தாள்.